சிறிய பழைய கார் எஞ்சினுக்கு மிகையூட்டி பொருத்தும் முறை

மோட்டார் கார் எஞ்சினிலிருந்து கூடுதலான ஆற்றலைப் பெற வேண்டுமாயின், அதனுள் கூடுதலான பெட்ரோலை எரித்தல் வேண்டும். எஞ்சினுக்குள் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது கடினமான செயலன்று. கார்புரேட்டரின் துளையைச் சற்றுப் பெரிதாக்கினாலே போதும். ஆனால் அப்பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு வேண்டிய காற்றை உள்ளே செலுத்துவதே கடினம். ஒரு கிலோ பெட்ரோல் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. காற்று போதாவிடின், மிகுந்த பெட்ரோல் கரும்புகையாகப் புகைபோக்கியின் வழியே வீணாகும்.

சாதாரண எஞ்சின், தன்னைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலத்தின் அழுத்தத்தை மட்டுமே நம்பிக் காற்றை உறிஞ்சுகிறது. இவ்வாறு தானே உறிஞ்சும் அளவுக்கு மேல், ஒரு பம்பின் உதவியால் காற்றை உருளைகளுக்குள் தள்ளும் கருவிக்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். அதனை இக்கட்டுரையில் 'மிகையூட்டி' என்று வழங்குவோம். பழைய சிறிய கார்களைப் பேணிக் காப்பவர் பலர், இக்கருவியைப் பொருத்தினால் காரின் வலிமை கூடுமென்று கேள்விப்பட்டு ஆவல் கொள்கின்றனர். அவ்வாவல் நியாயமானதே. எனினும், கணக்குப் பாராது இக்கருவியைப் பொருத்தியதால் பிஸ்டன் உருகித் துளைபட்ட எஞ்சின்களும் உண்டு. பழைய எஞ்சின் ஒன்று இவ்வாறு கெட்டால் அதற்குரிய உறுப்புகளைத் தேடிப் பெறுதல் எளிதன்று. ஆகவே இக்கருவி செய்யும் வேலை யாது, அதற்கு நாம் கொடுக்கும் விலை யாது என்பதைக் கணக்குடன் ஆராய்வோம்.

எடுத்துக்கொண்ட எஞ்சின்

பொதுப்படப் பேசுவதைவிட, நன்கு அறியப்பட்ட ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்ளுதல் நலம். இங்கிலாந்தில் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியல் வல்லுநர் வகுத்த மோரிஸ் மைனர் கார் 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1956-ஆம் ஆண்டு முதல் அதில் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள 'ஏ' வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. இவ்வெஞ்சினுக்கு நான்கு உருளைகள். ஒவ்வோர் உருளையின் விட்டமும் 62.9 மில்லிமீட்டர், பிஸ்டனின் ஓட்டம் 76.2 மில்லிமீட்டர். அமுக்க விகிதம் 8.3, குறைந்த தரமான பெட்ரோலுக்கென 7.2 விகிதமுள்ள வகையும் இருந்தது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 4800 சுற்றுகளில் இது 37 குதிரைத்திறனைத் தந்தது. கிராங்குத் தண்டை மூன்று பேரிங்குகள் மட்டுமே தாங்கின.

இவ்வெஞ்சினின் ஒரு தனிப்பட்ட அமைப்பையும் இங்கே கூற வேண்டும். நான்கு உருளைகளுக்கும் உள்வாயில்கள் இரண்டே. முதலாம் இரண்டாம் உருளைகளுக்கு ஒரு வாயில். மூன்றாம் நான்காம் உருளைகளுக்கு மற்றொன்று. இரண்டு உருளைகள் ஒரே வாயிலை அடுத்தடுத்துப் பயன்படுத்துவதால், ஓர் உருளை உறிஞ்சிய பின் மற்றதற்குக் கிடைக்கும் பங்கு வேறுபடுகிறது. ஒரே கிணற்றில் இரண்டு ஏற்றங்கள் இறைப்பதைப் போன்றது இது. காற்றை வெளியிலிருந்து அழுத்தித் தள்ளும்போது இவ்வேற்றத்தாழ்வு ஓரளவு குறைகின்றது. இவ்வகை எஞ்சின்களில் மிகையூட்டி நல்ல பயன் தருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

எஞ்சின் உட்கொள்ளும் காற்று

நான்கு வீச்சு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கம், வேலை, வெளியேற்றம் ஆகிய நான்கும் நிறைவேறக் கிராங்குத் தண்டு இரண்டு முறை சுழல வேண்டும். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எஞ்சின் 948 கன சென்டிமீட்டர் காற்றை உட்கொள்ளுதல் வேண்டும். நிமிடத்திற்கு 4800 சுற்றுகளில் இது 2275 லிட்டர் ஆகும்.

உண்மையில் அவ்வளவு காற்று உள்ளே செல்வதில்லை. காற்று வடிகட்டி, கார்புரேட்டர், வளைந்த குழாய், வால்வின் குறுகிய இடைவெளி ஆகியவை ஒவ்வொன்றும் தடை செய்கின்றன. உருளைக்குள் எஞ்சி நின்ற எரிந்த வாயுவும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே, மேற்கண்ட அளவில் நூற்றுக்கு 78 பங்கு மட்டுமே உள்ளே செல்வதாக நம் கணக்கிற்கு வைத்துக்கொள்வோம். அதாவது நிமிடத்திற்கு ஏறத்தாழ 1775 லிட்டர். ஒரு லிட்டர் காற்றின் நிறை 1.2 கிராம் என்று கொண்டால், எஞ்சின் ஒரு நிமிடத்தில் உட்கொள்ளும் காற்று சுமார் 2.1 கிலோ ஆகும். இந்த 2.1 கிலோ என்னும் நிறையைக் கூட்டுவதே மிகையூட்டியின் வேலை. கன அளவன்று, அழுத்தமன்று, நிறையே முக்கியம் என்பதை வாசகர்கள் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் வரலாறும் வகைகளும்

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860-ஆம் ஆண்டில் ஓர் ஊதிக்கு உரிமை பெற்றனர். எட்டு என்னும் எண்ணைப் போன்ற வடிவமுள்ள இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று காற்றைத் தள்ளும் அமைப்பு அது. இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்றூதும் பணியில் அது பயன்பட்டது. எஞ்சினுக்குள் கலவையை அழுத்திச் செலுத்தும் கருத்துக்கு ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் 1885-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். 1921-ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் நிறுவனம் மிகையூட்டி பொருத்திய கார்களை வைத்தது. 1923-ஆம் ஆண்டில் மான்சாவில் நடைபெற்ற கிராண்ட் பிரீ பந்தயத்தில் மிகையூட்டியுடன் கூடிய பியட் கார் வெற்றி பெற்றது.

சிறிய எஞ்சின்களில் இக்கருவி சிறப்பிடம் பெற்றது இங்கிலாந்தில்தான். 747 கன சென்டிமீட்டர் மட்டுமே கொண்ட ஆஸ்டின் செவன் எஞ்சினுக்கும் மிகையூட்டி பொருத்தப்பட்டது. 1087 கன சென்டிமீட்டர் எஞ்சினும் மிகையூட்டியும் கொண்ட எம்.ஜி. கே-3 கார்கள் 1933-ஆம் ஆண்டு இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் தம் வகுப்பில் வென்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், சாதாரணக் கார்களின் சொந்தக்காரர்களும் வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வகையில் ஷாரக், மார்ஷல் முதலிய மிகையூட்டிகள் அங்கே விற்கப்பட்டன.

இவற்றுள் மார்ஷல், மேற்கூறிய ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. ஷாரக் ஊதியோ தகட்டு வகை. உருளை வடிவமான கூட்டினுள், மையத்தை விட்டு விலகிய இடத்தில், ஒரு சுழலி சுழலும். அதன் பிளவுகளின் ஊடே தகடுகள் நீண்டு நிற்கும். இரு தகடுகளுக்கு இடையே அகப்பட்ட காற்று, இடம் குறுகக் குறுக அமுக்கப்பட்டு வெளியே தள்ளப்படும். ஷாரக் ஊதியில் தகடுகள் கூட்டின் சுவரை உரசாமல், மயிரிழை இடைவெளி விட்டுச் சுழலும்படி நடுத் தண்டின்மேல் தாங்கப்பட்டிருந்தன. இவ்விரு வகைகளும் கிராங்குத் தண்டிலிருந்து பெல்ட் மூலம் ஓடுவன. ஒரு சுற்றுக்கு இவ்வளவு கன அளவு என்று வரையறுத்துத் தள்ளுவன. புகைபோக்கி வாயுவால் சுழலும் டர்போசார்ஜர் வேறு வகை. எஞ்சின் குறைந்த வேகத்தில் ஓடும்போது அதன் உதவி குறைவாக இருக்கும். பெல்ட்டினால் ஓடும் மிகையூட்டியோ குறைந்த வேகத்திலேயே உதவத் தொடங்கும்.

அழுத்தமானி காட்டுவது என்ன?

மிகையூட்டி பொருத்திய காரில், உள்வாயிற் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் மானி ஒன்றும் பொருத்துவது வழக்கம். அதன் முள் உயர உயர எஞ்சினின் ஆற்றலும் உயர்வதாகப் பலர் எண்ணுகின்றனர். இது பிழையான எண்ணமாகும்.

ஊதி ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட அளவு காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் அவ்வளவையும் தடையின்றி ஏற்குமாயின் குழாயில் அழுத்தம் ஏறாது. எஞ்சின் ஏற்கக்கூடிய அளவைவிட ஊதி தள்ளும் அளவு மிகும்போதுதான் காற்று குழாயில் நெருக்குண்டு அழுத்தம் உயர்கிறது. ஆகவே மானியின் முள் காட்டுவது எஞ்சினின் ஆற்றலையன்று. ஊதியின் தள்ளுதலுக்கு எஞ்சின் காட்டும் எதிர்ப்பையே அது காட்டுகிறது. வால்வுகளைச் செப்பனிட்டு, வாயில்களைத் தூய்மை செய்தபின் அதே ஊதியை அதே வேகத்தில் ஓட்டினால், முள் முன்னைவிடத் தாழ்ந்து நிற்கும். ஆனால் ஆற்றல் மிகுந்திருக்கும். வால்வில் கரி படிந்து வழி குறுகினால் முள் உயரும், ஆற்றல் குறையும். கார் பழுது பார்ப்போர் இதனை அறியாராயின், நோய் முற்றுவதை நலம் பெருகுவதாக மயங்குவர்.

வெப்பத்தின் கணக்கு

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை அனைவரும் அறிவர். அமுக்கப்படும் காற்று சூடேறுகிறது. சூடேறிய காற்று விரிவடைய முயல்கிறது. ஆதலின் அழுத்தம் கூடிய விகிதத்தில் நிறை கூடுவதில்லை.

நம் எஞ்சினுக்குச் சதுர அங்குலத்திற்கு 6 பவுண்டு மிகையழுத்தம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று மண்டல அழுத்தம் 14.7 பவுண்டு. ஆகவே மொத்த அழுத்தம் 20.7 பவுண்டு; அழுத்த விகிதம் 1.41. வெளிக்காற்றின் வெப்பநிலை 30 டிகிரி சென்டிகிரேடு, அதாவது தனி வெப்பநிலையில் 303 டிகிரி. வெப்ப இழப்பும் உராய்வும் இல்லாத சிறந்த ஊதியில் இக்காற்று 31 டிகிரி சூடேறும். உண்மையான ஊதியின் திறமை நூற்றுக்கு 60 என்று கொண்டால், 52 டிகிரி சூடேறும். அதாவது காற்று 82 டிகிரியில் வெளிவரும். தனி வெப்பநிலை 355 டிகிரி.

அடர்த்தி அழுத்தத்திற்கு நேர் விகிதத்திலும், தனி வெப்பநிலைக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கும். ஆகவே அடர்த்தி விகிதம் = 1.41 × 303 ÷ 355 = 1.20. மானியில் நூற்றுக்கு 41 பங்கு உயர்வு; உள்ளே சென்ற காற்றின் நிறையிலோ 20 பங்கு உயர்வுதான். மீதி வெப்பமாகவே முடிந்தது.

இவ்விழப்பின் ஒரு பகுதியை மீட்க வழியுண்டு. கார்புரேட்டரை ஊதிக்கு முன்னால் வைத்தால், பெட்ரோல் துளிகள் ஊதிக்குள்ளேயே ஆவியாகும். ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தைப் பெட்ரோல் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் காற்று குளிர்கிறது. செறிந்த கலவையாயின் இவ்வாறு 20 டிகிரிக்குக் குறையாமல் குளிர்ச்சி கிடைக்கக்கூடும். கலவை 60 டிகிரியில் வெளிவந்தால் அடர்த்தி விகிதம் 1.28 ஆகும். எல்லாவற்றையும் ஒப்பிட்டு நம் கணக்கிற்கு 1.25 என்னும் நடுத்தர விகிதத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய கார்களுக்கான பழைய மிகையூட்டிகளில் கார்புரேட்டர் ஊதியின் முன்னால் அமைக்கப்பட்டதன் சிறப்பு இப்போது விளங்கும்.

எரிபொருளைக் கொண்டே குளிர்விக்கும் இம்முறைக்கும் எல்லை உண்டு. 1951-ஆம் ஆண்டில், ஒன்றரை லிட்டர் எஞ்சினும் மிகையூட்டியும் கொண்ட ஆல்பா ரோமியோ பந்தயக் கார்கள் மிகுந்த எரிபொருளைச் செலவிட்டு, பந்தயத்தின் நடுவே நின்று நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வாண்டு சில்வர்ஸ்டோனில் மிகையூட்டியில்லாத நாலரை லிட்டர் பெராரி கார் அவற்றை வென்றது.

அமுக்க விகிதமும் தட்டொலியும்

கலவை உருளைக்குள் சென்றபின் பிஸ்டனால் மீண்டும் அமுக்கப்படுகிறது. ஏற்கெனவே சூடும் அழுத்தமும் பெற்ற கலவை மேலும் அமுக்கப்படும்போது, தீப்பொறியினால் முறையாக எரிந்து பரவுவதற்கு முன், எஞ்சியுள்ள கலவை தானாகவே வெடிக்கக்கூடும். அப்போது சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். தொழிலாளர் இதனை நாக்கிங் என்பர். இத்தட்டொலி நீடித்தால் பிஸ்டனின் மேற்பரப்பு அரிக்கப்பட்டு உருகும், காஸ்கட் வெடிக்கும், பேரிங்குகள் நசுங்கும்.

இவ்வபாயத்தை அளவிடத் தொழிற்கூடங்களில் ஓர் எளிய கணக்கைக் கையாள்வர். அமுக்க விகிதத்தை அழுத்த விகிதத்தால் பெருக்குவதே அது. நம் எஞ்சினில் 8.3 × 1.41 = 11.7. இது மிக அதிகம். 7.2 விகிதமுள்ள பிஸ்டன்களைப் பொருத்தினால் 7.2 × 1.41 = 10.2. இது அலுமினிய மூடியில்லாத இப்பழைய வார்ப்பிரும்பு எஞ்சினுக்குங்கூட, நல்ல பெட்ரோலும் சரியான தீப்பொறி நேரமும் இருந்தால், எச்சரிக்கையுடன் ஏற்கத்தக்கது.

விகிதத்தைக் குறைப்பது எவ்வாறு? ஒவ்வோர் உருளையின் கொள்ளளவு 237 கன சென்டிமீட்டர். விகிதம் 8.3 ஆயின் எரியறையின் கொள்ளளவு 237 ÷ 7.3 = 32.5 கன சென்டிமீட்டர். விகிதம் 7.2 ஆயின் 237 ÷ 6.2 = 38.2 கன சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வோர் உருளைக்கும் 5.7 கன சென்டிமீட்டர் இடம் கூடுதலாக வேண்டும். மூடிக்கு அடியில் தடித்த தகடு வைத்து இதனைச் செய்வதாயின் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் தடிப்பு வேண்டியிருக்கும். அவ்வளவு தடித்த தகடு கலவையின் சுழற்சியைக் கெடுக்கும், வால்வுத் தண்டுகளின் நீளக் கணக்கையும் மாற்றிவிடும், கசிவுக்கும் இடமாகும். ஆகவே தலை குழிந்த பிஸ்டன்களைப் பொருத்துவதே சிறந்தது. பொருத்தியபின் கணக்கை நம்பியிராமல், எரியறையை மண்ணெண்ணெயால் நிரப்பிப் பியூரெட்டில் அளந்து பார்த்தல் வேண்டும்.

பொருத்தும் முறை

முதலாவதாக எஞ்சினின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். நான்கு உருளைகளின் அமுக்க அழுத்தமும் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். எண்ணெய் அழுத்தம் குறைவாயின் பேரிங்குகளைப் புதுப்பித்த பின்னரே மேலே செல்ல வேண்டும். தேய்ந்த எஞ்சினுக்கு மிகையூட்டி மருந்தாகாது.

இரண்டாவது, ஊதியின் வேகம். நம் எஞ்சின் இயல்பாகக் கிராங்குத் தண்டின் ஒரு சுற்றுக்கு 370 கன சென்டிமீட்டர் காற்றை உட்கொள்கிறது. அதனை 1.25 மடங்காக்கினால் 462. ஊதியின் கசிவுக்கென நூற்றுக்கு 20 பங்கு விட்டால், ஊதி தள்ள வேண்டியது 578 கன சென்டிமீட்டர். ஊதி தன் ஒரு சுற்றுக்கு 500 கன சென்டிமீட்டர் தள்ளுவதாயின், அது கிராங்குத் தண்டைப்போல் 1.16 மடங்கு வேகத்தில் சுழல வேண்டும். கிராங்குத் தண்டின் கப்பி 125 மில்லிமீட்டர் விட்டமுடையதாயின் ஊதியின் கப்பி 108 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். இதனை 90 மில்லிமீட்டராகக் குறைத்தால், தள்ளும் அளவு நூற்றுக்கு 20 பங்கே கூடும். ஆனால் மிகையழுத்தமோ ஏறத்தாழ இரு மடங்கை நெருங்கும். வெப்பமும் அவ்வாறே ஏறும். கப்பியில் கடைசல்காரர் குறைக்கும் சில மில்லிமீட்டர், எஞ்சினின் ஆயுளை நிர்ணயிக்கும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, பெல்ட்டின் நேர்மை. இரு கப்பிகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஊதியை ஓட்ட மட்டும் 4800 சுற்றுகளில் ஏறத்தாழ 3 குதிரைத்திறன் செலவாகும். ஆதலின் ஊதியைத் தாங்கும் இரும்புச் சட்டம் அசையாததாகவும், பெல்ட்டின் இழுவிசையைத் திருத்த இடமுள்ளதாகவும் இருத்தல் வேண்டும்.

நான்காவது, எண்ணெய். தகட்டு வகை ஊதிக்கு எஞ்சினின் எண்ணெய்க் குழாயிலிருந்து நுண்ணிய துளையின் வழியாக எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் செல்ல வேண்டும். துளை பெரிதானால் எண்ணெய் கலவையோடு சென்று ஸ்பார்க் பிளக்கை அழுக்காக்கும். புகை நீல நிறமாகும். துளை அடைத்தால் ஊதி இறுகிவிடும்.

ஐந்தாவது, காப்பு வால்வு. ஊதிக்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட குழாயில் நிறைந்திருப்பது எரியக்கூடிய கலவை. உள்வால்வு சரியாக மூடாமல் சுடர் பின்னோக்கிப் பாய்ந்தால் குழாய் முழுவதும் வெடிக்கும். அவ்வழுத்தத்தை வெளியேற்ற வில் பொருத்திய காப்பு வால்வு ஒன்று குழாயில் கட்டாயம் இருத்தல் வேண்டும். இதனைச் செலவு கருதி விட்டுவிடுதல் ஆகாது.

ஆறாவது, கார்புரேட்டர். இக்காரில் இருந்த எஸ்.யு. கார்புரேட்டர், காற்றின் ஓட்டத்திற்கேற்பத் தன் வாயைத் தானே அகலமாக்கிக்கொள்ளும் அமைப்புடையது. ஆயினும் கூடுதல் காற்றுக்கு அடுத்த பெரிய அளவும், அதற்கேற்ற ஊசியும் வேண்டும். முழு வேகத்தில் கலவை செறிவாக இருத்தல் அவசியம். மெலிந்த கலவை மிகுந்த வெப்பத்தை உண்டாக்கிப் பிஸ்டனை உருக்கும்.

ஏழாவது, தீப்பொறி. அடர்ந்த கலவை விரைவாக எரியும்; ஆதலின் தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்க வேண்டும். அழுத்தம் மிகுந்த வாயுவின் ஊடே தீப்பொறி தாவ உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். எனவே பிளக்கின் இடைவெளியை வழக்கமான 0.025 அங்குலத்திலிருந்து 0.020 அங்குலம் அளவிற்குக் குறைப்பர். வெப்பத்தை விரைவில் கடத்தும் குளிர்ந்த வகைப் பிளக்கையும் பயன்படுத்துவர். டிஸ்டிரிபியூட்டரின் வெற்றிடக் குழாயை ஊதிக்குப் பின்னுள்ள அழுத்தக் குழாயில் இணைக்கலாகாது; கார்புரேட்டரிலேயே இணைக்க வேண்டும்.

எட்டாவது, எஞ்சினைச் சார்ந்த பிற உறுப்புகள். ரேடியேட்டரைக் கழுவி நீரோட்டத்தைச் சோதிக்க வேண்டும். கிளச்சும் கியர்ப் பெட்டியும் 37 குதிரைத்திறனுக்கென அமைந்தவை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். பிரேக்குகளைப் பற்றியும் எண்ண வேண்டும். 1962-ஆம் ஆண்டில் இதே காருக்கு 1098 கன சென்டிமீட்டர் எஞ்சின் பொருத்தியபோது, முன் சக்கரங்களின் பிரேக்கு உருளையை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகத் தொழிற்சாலையே பெரிதாக்கியது. ஆற்றலைக் கூட்டுபவர் நிறுத்தும் வலிமையையும் கூட்டக் கடமைப்பட்டவர்.

கிடைக்கும் பயன்

இவ்வளவு முயற்சிக்குப் பின் கிடைப்பது என்ன? 37 குதிரைத்திறனை 1.25-ஆல் பெருக்கினால் சுமார் 46. அமுக்க விகிதத்தைக் குறைத்ததால் நூற்றுக்கு 4 பங்கு நட்டம், மிகுவது 44. ஊதியை ஓட்டும் செலவு 3 போக 41. உறிஞ்சல் வீச்சின்போது அழுத்தமுள்ள கலவையே பிஸ்டனைக் கீழே தள்ளுவதால் திரும்பக் கிடைப்பது ஏறத்தாழ 2. ஆகவே 43 குதிரைத்திறன். எஞ்சினின் உள் உராய்வு பெரிதும் மாறாமலிருப்பதையும் கணக்கிற் சேர்த்தால் 45 வரை எதிர்பார்க்கலாம்.

மேற்கூறிய 1098 கன சென்டிமீட்டர் எஞ்சின் எந்த ஊதியும் இல்லாமலே 48 குதிரைத்திறன் தந்தது என்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எனினும் குதிரைத்திறன் மட்டுமே பயனன்று. நிமிடத்திற்கு 2500 சுற்றுகளில் 948 எஞ்சினின் திருப்புவிசை சுமார் 50 பவுண்டு-அடி. மிகையூட்டியுடன் இது 58-ஐ எட்டும். மேட்டில் ஏறும்போது கியரை மாற்றாமலே கார் இழுத்துச் செல்லும். காரின் சொந்தக்காரர் உண்மையில் உணரும் பயன் இதுவே. உச்ச வேகத்தை நாடுபவர் இக்கருவியால் ஏமாற்றமடைவர். இழுக்கும் வலிமையை நாடுபவர் மனநிறைவு பெறுவர்.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் இத்தகைய மாற்றம் செய்ய எண்ணுவோர் சட்டத்தையும் கருத வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2021-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வாகனம் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெற வேண்டுமாயின், அது மூல வடிவிலேயே பேணப்பட்டு, பெரும் மாற்றத்திற்கு உட்படாததாக இருத்தல் வேண்டும். ஆகவே ஊதியைப் பொருத்துமுன் பதிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிதல் நலம். மூல உறுப்புகள் யாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பதும் அறிவுடைமையாகும்.

எரிபொருளும் மாறியுள்ளது. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது நாடெங்கும் விற்பனையாகிறது. எத்தனால் தட்டொலியைத் தடுக்கும்; ஆவியாகும்போது மிகுந்த வெப்பத்தை ஈர்த்துக் கலவையைக் குளிர்விக்கும். இவ்விரண்டும் மிகையூட்டிக்குச் சாதகமே. ஆனால் இவ்வெரிபொருள் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 13.6 கிலோ காற்றே போதும். ஆகவே பழைய ஊசியை அப்படியே விட்டால் கலவை மெலிந்துவிடும். அதன் விளைவை மேலே கூறினோம். பழைய ரப்பர்க் குழாய்களையும் தடுக்கிதழ்களையும் எத்தனால் கெடுக்கும். அவற்றை ஏற்ற பொருளால் ஆனவையாக மாற்றுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு

இப்பொருளை வகுப்பில் விளக்கக் காரோ ஊதியோ தேவையில்லை. ஒரு சைக்கிள் பம்பும் வெப்பமானியும் போதும். பம்பின் வாயை விரலால் முழுவதும் மூடி வேகமாக இருபது முறை அடித்து, அடிப்பகுதியின் வெப்பநிலையை அளக்கச் செய்யலாம். பின் விரலைத் தளர்த்தி, காற்றுத் தாராளமாக வெளியேறும்படி அதே வேகத்தில் இருபது முறை அடித்து மீண்டும் அளக்கச் செய்யலாம். முதல் முறையில் அழுத்தமும் வெப்பமும் மிகுதி. வெளியே சென்ற காற்றோ சிறிதும் இல்லை. இரண்டாம் முறையில் அழுத்தம் குறைவு. காற்று முழுவதும் சென்றது. எஞ்சினுக்கு வேண்டியது இவற்றுள் எது என்று மாணவரைக் கேட்டால், மேலே கண்ட கணக்கின் பொருளை அவர்களே கூறுவர். அதன்பின் 1.41 என்னும் அழுத்த விகிதத்திலிருந்து 1.20 என்னும் அடர்த்தி விகிதத்தைக் கரும்பலகையில் வருவித்துக் காட்டலாம்.

களப்பணியாளர்களிடம் இத்தகைய காரைப் பற்றி எவரேனும் ஆலோசனை கேட்டால், மானியின் முள் எவ்வளவு உயர்கிறது என்று கேட்பதற்கு முன், அமுக்க விகிதம் யாது, காப்பு வால்வு உண்டா, கலவை செறிவானதா, பிரேக்குகள் போதுமா என்னும் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். இந்நான்கிற்கும் தக்க விடை கிடைத்த பின்னரே ஊதியைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.